தீவுகளால் கட்டிய ஊர்

தூத்துக்குடியில் பீச் ரோட்டுக்கும் கிரேட் காட்டன் ரோட்டுக்கும் இடைப்பட்ட தெருக்களில் பழைய வீடு ஏதேனும் இடிபட்டால், உடைந்த சுவரின் உட்பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் அங்கே செங்கல் இருக்காது, கருங்கல்லும் இருக்காது. வெளுத்த, உடம்பெல்லாம் துளைவிட்ட கல் வரிசை வரிசையாகத் தெரியும். சில கற்களில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள், சிலவற்றில் நெளிநெளியான பள்ளங்கள். இடையில் பூசிய சுண்ணாம்பில் அரைபடாத சிப்பித் துண்டுகள் மின்னும்.

எங்கள் ஆச்சி வீடு கைமாறி இடிபட்டபோதுதான் நான் அந்தக் கல்லை முதலில் கையில் எடுத்தேன். பருமனுக்கு ஏற்ற கனம் இல்லை. அந்த வீட்டின் தார்சாவில் படுத்து வளர்ந்தவன் நான். சித்திரை வெயிலில் தெருவில் கால்வைக்க முடியாத மத்தியானத்திலும் பட்டாசல் குளிர்ந்து கிடக்கும். சுவரில் ஆணி அடித்தால் நிற்காது. காலண்டர் மாட்டக்கூட மரச்சட்டம் வேண்டும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் சுவரின் அடிப்பாகத்தில் உப்புப் பூக்கும். ஆச்சி அதைத் தென்னை விளக்குமாற்றால் தட்டிவிட்டு வருஷா வருஷம் வெள்ளையடிப்பாள். ஏன் இந்தச் சுவர் குளிர்கிறது, ஏன் உப்பு விடுகிறது என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீடு போன பிறகு அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வீட்டின் பழைய பத்திரத்தைத் தேடி எடுத்தேன். நாலு மால் எழுதியிருந்தது, கிணற்றுப் பாத்தியதை எழுதியிருந்தது. சுவரைப் பற்றிக் காரைக்கட்டு என்பதோடு முடிந்துவிட்டது. காகிதம் சொல்லாததைக் கை வேலை செய்தவர்தான் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனார் ஒருவரிடம் கல்லைக் கொண்டுபோனேன். எண்பதைத் தாண்டியவர். வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

“கடக்கல்லு தம்பி. எங்க அப்பா காலத்து வேலை. வெட்டிக் கொண்டாந்த கையோட செவுத்துல வச்சிரக் கூடாது. வெட்டவெளியில போட்டு வைக்கணும். மழை குடிக்கணும், உப்பு எறங்கணும். அப்பதான் சுண்ணாம்பு புடிக்கும்.”

“உப்பு முழுசா இறங்கிருமா தாத்தா?”

“எங்க எறங்குது? கடல்ல பொறந்த கல்லுல்லா.”

கல்லை அடுக்கும் சாந்தும் கடலிலிருந்தே வந்தது. சிப்பியையும் சிறு கற்களையும் காளவாசலில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் புளிக்கவைத்த சாந்து. இரண்டடிச் சுவர். கல்லின் ஆயிரம் துளைகளுக்குள் காற்று அடைபட்டிருப்பதால் வெயிலின் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பட்டாசலின் குளிர்ச்சிக்கும் ஆணி நில்லாததற்கும் உப்புக்கும் காரணம் ஒன்றே. எங்கள் சுவர் பவளப்பாறை.

அடுத்து நான் போனது தூத்துக்குடிக் கடற்கரையில் உள்ள தெரேஸ்புரம். அங்கே முதியவர் ஒருவர், இளவயதில் சங்கு குளித்தவர், கல் வெட்டும் வள்ளத்திலும் போனவர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அப்போது அவர் பையன்.

“முத்து அறுவத்தொண்ணோட போச்சு. பெறவு சங்கு. சங்குக்குப் போக முடியாத நாள்ல கல்லு. வயிறு கேக்கும்லா தம்பி?” என்றார்.

கடல் வற்றும் வத்தம் பார்த்து வள்ளம் தள்ளுவார்களாம். தீவைச் சுற்றிய பவளப்பாரில் முட்டளவோ இடுப்பளவோதான் தண்ணீர் நிற்கும். கடப்பாரையால் நெம்பிப் பெரிய கல்லைப் பெயர்ப்பார்கள். கிளைகிளையாக உடைந்த சல்லியைக் கூடையில் அள்ளுவார்கள். பெரிய கல் சுவருக்கு, சல்லி காளவாசலுக்கும் தரை நிரப்பவும். வள்ளம் விளிம்புவரை தண்ணீரில் அமிழ்ந்து திரும்பும். எந்தத் தீவு என்று கேட்டேன். விரல்விட்டுச் சொன்னார்: வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி.

ராமேஸ்வரத்துப் பக்கமிருந்து தூத்துக்குடிவரை மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள். அவற்றில் தூத்துக்குடிக்கு எதிரே இருந்தவை இந்த நான்கும். இவை பவளத்தின் மேல் மணல் சேர்ந்து உண்டான தீவுகள். சுற்றிலும் உயிருள்ள பார் நின்று அலையை உடைத்துக்கொடுப்பதால்தான் மணல் கரையாமல் நிற்கிறது. ஊரின் சுவர்கள் அந்த அரணிலிருந்து பெயர்த்து வந்தவை.

ஏன் அங்கே போனார்கள் என்பதற்கு ஊரின் வரலாறு பதில் சொல்கிறது. தாமிரபரணி வண்டலால் கொற்கை தூர்ந்து, பிறகு மார்க்கோ போலோ கண்ட காயலும் தூர்ந்து, வணிகம் வடக்கே நகர்ந்து வந்த இடம் தூத்துக்குடி. போர்த்துக்கீசியர் இருந்தார்கள். 1658-இல் டச்சுக்காரர் பிடித்தார்கள்; அவர்கள் 1750-இல் கட்டிய கோயிலில் அவர்களுடைய கம்பெனி முத்திரையை இன்றும் பார்க்கலாம். 1825-இல் ஊர் முழுதாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1866-இல் நகராட்சி, 1876-இல் ரயில். கோவில்பட்டி, எட்டயபுரம் கரிசல் காட்டுப் பருத்தி ரயிலில் வந்து இறங்கியது. பொதி கட்டும் பிரஸ்களும் ஹார்வி சகோதரர்களின் மில்லும் எழுந்தன. கரையோரக் கடல் ஆழமில்லாததால் கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளியே நங்கூரமிட்டன. சரக்கை ஏற்றி இறக்கியவை தோணிகள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன ஜனங்களில் பலரும் கொழும்புக்குப் போன வியாபாரிகளும் இந்த ஊர் வழியாகக் கடல் தாண்டினார்கள். தோணிக்காரர், சங்கு வியாபாரி, பருத்தித் தரகர், உப்பு வியாபாரி என்று கையில் காசு சேர்ந்தவர்களெல்லாம் மச்சு வைத்த காரைவீடு கட்ட விரும்பினார்கள்.

ஆனால் காலடியில் இருந்தது மணலும் உப்பும். நல்ல கல் வேண்டுமென்றால் உள்நாட்டுக் குன்றுகளுக்குப் போக வேண்டும். குடிநீருக்கே அல்லாடிய ஊர் இது. குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்து போராடி, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தது 1927-இல்தான். அப்படிப்பட்ட ஊருக்கு, ஒரு வத்தத்தில் போய்த் திரும்பும் தூரத்தில் கல் கிடைத்தது. விலை கேட்க ஆளில்லை.

இந்த இடத்தில் என் தேடல் சற்று நின்றது. முத்துக்கு இந்தக் கடலில் எப்போதும் காவல் இருந்தது. எந்த ஆட்சியானாலும் பாரைச் சோதித்து, சிப்பி முற்றியிருக்கிறதா என்று பார்த்து, விளைந்த ஆண்டில் மட்டும் குளிப்புக்குத் திறந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இங்கே வந்து முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பற்றித் தனி நூலே எழுதினார். ஜேம்ஸ் ஹார்னெல் முத்து, சங்குத் தொழிலுக்கு அதிகாரியாகவே இருந்தார். சிப்பிக்கு இவ்வளவு கணக்கு வைத்தவர்கள் கல்லுக்கு வைக்கவில்லை. பவளம் உயிர் என்பதும், அது வளர்ந்தால்தான் தீவு நிற்கும் என்பதும் கட்டுவோர் கணக்கில் வரவில்லை. பெருங்கல்லாக வளரும் பவள வகை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஓரடிக் கனமுள்ள கல் என்றால் முப்பது ஆண்டு. ஆச்சி வீட்டின் இரண்டடிச் சுவர், அகலத்தில் மட்டும் ஒரு மனித ஆயுளைக் கொண்டிருந்தது.

வீடு கட்டியவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. சிமெண்ட் வந்து, கடல்கல்லில் வீடு கட்டும் வழக்கம் நின்ற பிறகுதான் வெட்டு பெருகியது. சுண்ணாம்புக்கும் ஆலைகளின் தேவைக்கும் வள்ளம் வள்ளமாகக் கல் போயிற்று. மண்டபத்தில் பவளங்களை ஆராய்ந்த சி. எஸ். கோபிநாத பிள்ளை போன்ற அறிவியலாளர்கள் 1970-களிலேயே எச்சரித்தார்கள். 1986-இல் இந்தத் தீவுகள் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்குள்ள காப்பு அவற்றுக்கும் வந்தது. அப்படியும் 2004 சுனாமிக்குப் பிறகுதான் வெட்டு ஓய்ந்தது.

அதற்குள் விலாங்குசல்லி கடலுக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவும் போயிற்று. வான் தீவு தேய்ந்து தேய்ந்து, இனி நிற்காது என்ற நிலைக்கு வந்தது. கடல் சூடேறி 2016-இல் ஏராளமான பவளம் வெளுத்துச் செத்தது இன்னோர் அடி. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் அரசும் சேர்ந்து, துளையிட்ட கான்கிரீட் பாளங்களைப் பத்தாயிரத்துக்கும் மேல் வான் தீவுக்கு முன்னால் கடலில் இறக்கின. அவை அலையை உடைக்கின்றன, மீனும் பவளமும் அண்டுகின்றன, மணல் மறுபடி சேர்ந்தது. காரைச்சல்லியையும் மீட்க அரசு திட்டம் தீட்டியிருக்கிறது. கல்லை எடுத்த இடத்தில் கல்லை வைக்கிறோம்.

கடல்கல் வீடு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. யாழ்ப்பாணக் கோட்டை அந்தக் கல்தான். மாலைத்தீவின் பழைய பள்ளிவாசல்கள், ஜித்தாவின் பழைய நகரம், ஆப்பிரிக்கக் கீழைக்கரையின் துறைமுகங்கள் எல்லாம் அந்தக் கல்தான். ஜித்தாவின் பழைய வீடுகள் 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. மாலைத்தீவின் தலைநகர் மாலே, பாறையைப் பெயர்த்துக் கட்டடமும் நிலமும் ஆக்கியபின், 1987-இல் வந்த பேரலைகளைத் தடுக்க வழியின்றி நின்றது. பிறகு ஜப்பான் உதவியோடு கான்கிரீட் தடுப்புக் கட்ட நேர்ந்தது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெரலியா, பவளத்தைத் திருட்டுத்தனமாக வெட்டித் தீர்த்த இடம். 2004-இல் சுனாமி அங்கேதான் ஒரு ரயிலையே புரட்டி ஆயிரத்துக்கும் மேலானவர்களைக் கொன்றது. பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவ அருகிலேயே இருந்தும் அலை அங்கே அவ்வளவு உள்ளே ஏறவில்லை. இதைப் படித்த பிறகு நான் பீச் ரோட்டில் நிற்கும்போதெல்லாம், எதிரே கடலில் இருக்கும் தீவுகளை ஊரின் ஒரு தெருவாகவே எண்ணிக்கொள்கிறேன்.

பழைய வீடு என்றாலே ஏக்கம் வரும். எனக்கும் வருகிறது, தார்சாவின் குளிர்ச்சியும் மட்டப்பாவில் ஏறி நின்று பனிமய மாதா திருவிழா வெளிச்சத்தைப் பார்த்த இரவுகளும் நெஞ்சைவிட்டுப் போகாது. ஆனால் தேடிப் போனது எனக்குக் கொடுத்தது ஏக்கத்தைவிடப் பெரிய பொறுப்பு. அந்தச் சுவர்கள் நம் முன்னோர் கடலிடம் வாங்கிய கடன். வாங்கிய பொருளையாவது வீணாக்காமல் வைத்திருப்பதுதான் கடனாளிக்கு அழகு. இன்று இடிக்கும் வீட்டின் கல் லாரியில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போகிறது. சட்டப்படி இனி ஒருவரும் வெட்ட முடியாத, வெட்டவும் கூடாத கல் அது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களுக்கான ஆணையச் சட்டம் 2012-இலேயே நிறைவேறிவிட்டது. தூத்துக்குடி மாநகராட்சி தன் எல்லைக்குள் எஞ்சியிருக்கும் கடல்கல் வீடுகளைத் தெருத்தெருவாகக் கணக்கெடுக்க வேண்டும். வீட்டுக்காரர் இடிக்கத்தான் வேண்டும் என்றால், இடிப்பதற்கு முன் அளந்து, வரைந்து, படம் எடுத்து வைக்க வேண்டும். பெயர்த்த கல்லைச் சேமித்து, நிற்கும் வீடுகளின் பழுதுக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சுவரில் சிமெண்ட் பூசினால் உள்ளிருக்கும் ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் கல்லையே தின்றுவிடும். சுண்ணாம்புதான் அதற்கு மருந்து. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கும்போதே இளையவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டையும் தீவையும் இரண்டு துறைகளின் இரண்டு கோப்புகளாக வைக்காமல், ஒரே வரலாறாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சுவர் எந்தத் தீவின் பார் என்று தெரிந்து வளரும் பிள்ளை, வீட்டையும் இடிக்கத் தயங்கும், தீவையும் காக்க முன்வரும்.