இழை எண்ணி நிறையும் பூத்துக்குளி

உதகையை ஒட்டிய ஒரு மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு. பனிக்காலம் என்பதால் பெண்கள் வீட்டுக்குள் இல்லை. துணியும் ஊசியுமாக வெயில் விழும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் இழை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இந்தச் சில மணி நேரத்தில் பேச்சு குறைவு. இளம்பெண்கள் கையில் சிறு துண்டுகள், கைப்பைக்கும் மேசை விரிப்புக்கும் ஆனவை. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவின் மடியில் மட்டும் முழுப் பூத்துக்குளி. தோடர்கள் உடலைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும் அந்தப் பெரிய போர்வை, மடியில் அடங்காமல் பாயில் விரிந்து கிடந்தது. அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

"எவ்வளவு முடிஞ்சிருக்கும்மா?" என்றேன். பதில் வரவில்லை. ஊசி வரியின் கடைசிக்குப் போன பிறகுதான் நிமிர்ந்தார். "எண்ணும்போது பேசினா கணக்கு போயிடும் கண்ணு. இப்பக் கேளு."

கணக்குதான் இந்தக் கலையின் உயிர். பள்ளித் தையல் வகுப்பில் மேட்டி துணியில் கிராஸ் ஸ்டிச் போட்டவர்களுக்கு இது ஓரளவு பிடிபடும். அங்கே துணியிலேயே கட்டம் தெரியும். பார்த்துப் போட, கட்டத்தாளில் வரைந்த மாதிரி ஒன்று பக்கத்தில் இருக்கும். புகூர் எனப்படும் தோடர் பூவேலையில் இரண்டும் கிடையாது. துணியில் ஒரு பென்சில் கோடுகூட விழுவதில்லை. சொரசொரப்பான வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை ஊசி நுனியாலும் விரல் நுனியாலும் தடவி எண்ணி, இத்தனை இழைக்கு மேலே, இத்தனை இழைக்கு அடியில் என்று ஊசியை ஓட்டுகிறார்கள். அடுத்த வரி அதை ஒட்டி, கணக்கு மாறி. வரிகள் சேரச் சேரத்தான் உருவம் எழும்புகிறது. பழக்கமில்லாத கண்ணுக்கு அது தறியில் நெய்ததாகவே தோன்றும். ஆனால் தோடர்கள் நெய்பவர்கள் அல்லர். துணி சமவெளியிலிருந்து வருகிறது, நூலும் கடை நூல். அவர்கள் சேர்ப்பது கணக்கை மட்டும்தான்.

முதல் வரிக்கே அதிக நேரம் பிடிக்கும் என்றார் அந்த அம்மா. அது சரியாக விழுந்துவிட்டால் மேலே வருவதெல்லாம் அதைப் பார்த்தே வந்துவிடும். ஓர் இழை பிசகினாலோ, அந்த இடத்திலேயே தெரியாது. சில வரிகள் கடந்து, கூட வேண்டிய முனைகள் கூடாமல் நிற்கும்போதுதான் தெரியும். பக்கத்திலிருந்த பெண்ணுக்கு அன்று அப்படி ஆயிற்று. ஒரு சொல் சொல்லாமல் நூலை உருவி, பிசகிய வரிவரை பின்னோக்கிப் போய், மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

பெரிய போர்வை எத்தனை மாதம் எடுக்கும் என்று கேட்டால் நேரான விடை கிடைக்காது. சமையல், காய்கறித் தோட்டம், பேரப்பிள்ளைகள் எல்லாம் போக மிஞ்சும் வெயில்தான் தையலுக்கு. தொடர்ந்து மழை பிடித்தால் துணி பெட்டியிலேயே கிடக்கும். "நடுப்பட்டை ஏறிடுச்சு, இனிமே ஓரம்தான்" என்று பட்டையைக் காட்டித்தான் முன்னேற்றத்தைச் சொல்கிறார்கள். வாரக்கணக்கில் விட்டுப்போன துணியைக் கையிலெடுத்து, விட்ட இழையிலேயே ஊசியை இறக்க முடிவதைத்தான் நான் பெரிய திறமை என்பேன். விரல் வேகம் பழகினால் வரும். விட்ட கணக்கை மறுபடி பிடிப்பதற்கு வேறொரு நிதானம் வேண்டும்.

துணியின் மறுபக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நூல் சற்றே மேடாக, சின்னச் சின்னக் கண்ணிகளோடு கைக்குத் தட்டுப்பட்டது. வரி திரும்புமிடத்தில் நூலை இறுக்காமல் வேண்டுமென்றே விடும் கண்ணிகள் அவை. துவைத்தால் நூல் சுருங்கும், அப்போது துணி சுருக்கம் விழாமல் இருக்க இந்த இளக்கம். இரண்டு பக்கமும் உடுத்தத் தகும் வேலை இது.

பெரும்பாலும் இரண்டே நிறம்: சிவப்பு, கறுப்பு. அந்த இரண்டைக் கொண்டு எருமைக் கொம்பு, பாம்பு, அணில், சூரியன், சந்திரன் எல்லாம் முக்கோணமும் சாய்சதுரமுமாக வருகின்றன. எருமைக் கொம்பைப் பார்க்கையில் எனக்கு நெடுநேரம் கண் நகரவில்லை. தோடர் வாழ்வின் மையம் எருமை. பால்மனையே அவர்களின் கோயில். எருமையைக் கறப்பதும் பால்மனைச் சடங்கும் ஆண்கள் வேலை, பெண்கள் அதனுள்ளே போவதில்லை. அந்த எருமையின் கொம்பைத் துணியில் ஏற்றுவதோ பெண்கள் மட்டுமே. மலையில் சீகையும் கற்பூர மரமும் புல்வெளியைத் தின்றுவிட்டன; எருமைகள் குறைந்துவிட்டன. கொம்பு துணியில் குறையவில்லை.

அந்த அம்மாவின் மடியில் இருந்தது விற்பனைக்கு அல்ல, வீட்டுக்கு. சடங்குகளில் போர்த்துவதும் பூத்துக்குளிதான், இறந்தவர் உடலைச் சுற்றுவதும் பூவேலை செய்த பூத்துக்குளிதான். இளையவர்கள் சிறு துண்டுகளுக்குப் போவதன் காரணம் எளிது: சீக்கிரம் முடியும், சீக்கிரம் காசாகும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழுப் போர்வை போட்டுப் பழகாத கைக்கு அகலமான பட்டையின் கணக்கு வசப்படுமா என்ற கவலை எனக்கு உண்டு. சில ஆயிரம் பேரைக்கூட எட்டாத சமூகம் இது. ஒரு மந்தில் இரண்டு பெண்கள் ஊசியைக் கீழே வைத்தாலே இழப்பு பெரிது.

2013இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டப்படி நல்ல காவல். ஆனால் கடைத்தெருவில் அச்சடித்த துணியும் இயந்திரத் தையலும் தோடர் சால்வை என்ற பெயரில் தொங்குவதை நானே பார்த்தேன். மாதக்கணக்கில் செய்த துணி அதன் பக்கத்தில் விலை கூடியதாகத் தெரிவது இயல்புதானே. இயந்திரத் துணியின் விலையை வைத்துக்கொண்டு கைத்துணியில் பேரம் பேசுவதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

உதகை போனால், வாங்கும் முன் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சு என்றால் மறுபக்கம் வெளிறியிருக்கும். கைவேலை என்றால் இருபுறமும் நூல் ஓடியிருக்கும், கண்ணிகள் விரலில் படும். எந்த மந்தில், யார் போட்டது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள்.