பதினோராம் மணி

ஒரு வேலையைக் கடைசிக் கணம்வரை இழுத்துக்கொண்டு வருபவரைப் பற்றிப் பேசுகையில் ஆங்கிலத்தில் ‘லெவன்த் அவர்’ என்பார்கள், பதினோராம் மணி. புத்தகங்களில் படித்திருந்தாலும், முனைவர் பட்ட ஆய்வுக்காக ஹைதராபாத் வந்த பிறகுதான் இத்தொடரைப் பேச்சில் அன்றாடம் கேட்கலானேன். பொருள் விளங்கிவிட்டது, கணக்குத்தான் விளங்கவில்லை. ஏன் பதினொன்று? நள்ளிரவு பன்னிரண்டுக்கு முந்தைய மணி என்றாள் விடுதித் தோழி. முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11ஆம் நாள் காலை 11 மணிக்கு ஓய்ந்ததல்லவா, அதுதான் என்றார் வரலாற்றுத் துறை நண்பர். ஆனால் 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்திலேயே இத்தொடர் இருக்கிறது. போரைவிட முந்நூறு ஆண்டு மூத்தது.

மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வருகிறார். விடியற்காலையில் கடைத்தெருவுக்குப் போய், நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசி ஆட்களை அழைத்துவருகிறார். மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று மறுபடியும் போகிறார். பதினோராம் மணிக்கும் போகிறார். ரோமானியர் கணக்கில் சூரியன் எழுவதுமுதல் மறைவதுவரை பகல் பன்னிரண்டு கூறு. கோடையில் ஒவ்வொரு கூறும் நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். ஆகவே பதினோராம் மணி என்பது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ மாலை ஐந்து. நம் பழைய கணக்கில் சொல்வதானால், பகலின் முப்பது நாழிகையில் இருபத்தேழரை கழிந்து, இரண்டரை நாழிகையே மிஞ்சியிருக்கும் நேரம், எற்பாட்டின் வால்பகுதி. இரண்டரை நாழிகையை நம் சோதிடர்கள் ஓரை என்பார்கள். ‘ஹோரா’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. ஆங்கிலத்தின் ‘அவர்’ என்பதற்கும் அதுவே மூலம். ஆக, அந்தத் தொடர் நமக்கு அவ்வளவு அந்நியமானதும் அன்று.

என்னை நிறுத்திவைத்தது அடுத்து வரும் உரையாடல். பகல் முழுவதும் இங்கே ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். எங்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள் அவர்கள். தூங்கிக் கிடந்துவிட்டு வந்தவர்கள் அல்லர், சோம்பேறிகளும் அல்லர், கூப்பிடப்படாதவர்கள். மாலையில் கூலி கொடுக்கும்போது கடைசியில் வந்தவர்களுக்கே முதலில், அதுவும் முழு தெனாரியமாகக் கிடைக்கிறது. காலையிலிருந்து வெயிலில் உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆங்கிலம் இக்கதையிலிருந்து மணியை மட்டும் எடுத்துக்கொண்டது. காத்திருப்பையும் கூலியையும் கதையிலேயே விட்டுவிட்டது.

ஹைதராபாத்தில் ‘அட்டா கூலி’ என்றால் எல்லாருக்கும் தெரியும். காலையில் குறிப்பிட்ட சாலைச் சந்திப்புகளில் கரண்டி, மட்டப்பலகை, சோற்று டப்பாவுடன் ஆண்களும் பெண்களும் நிற்பார்கள். மேஸ்திரிகள் வந்து பார்த்து அழைத்துப்போவார்கள். நூலகத்துக்குப் போகும் வழியில் அப்படியொரு அட்டா இருக்கிறது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தோள் பருத்த இளைஞர்கள் முதலில் போய்விடுவார்கள். கடைசிவரை நிற்பவர்கள் முதியவர்கள், இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்கள். பதினொரு மணிக்குமேல் அங்கே நிற்பவரை யாரும் கூப்பிட்டு நான் கண்டதில்லை. திராட்சைத் தோட்டக்காரர் அந்தப் பக்கம் வருவதேயில்லை.

சென்ற மாதம் ஆய்வு முன்னேற்றக் கூட்டத்தில் இந்தத் தொடர் என்னை நோக்கியே வந்தது. வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர், எல்லாவற்றையும் பதினோராம் மணிக்கு வைத்துக்கொள்வது தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பழக்கமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உதவித்தொகை இளநிலையில் இரண்டாண்டு, முதுநிலையில் மூன்றாண்டு, ஆக ஐந்தாண்டோடு நின்றுவிடும். மாதம் 42,000 ரூபாய் எனக்கு இன்னும் நான்கு மாதம்தான் வரும். ஆய்வேட்டில் இரண்டு இயல்கள் பாக்கி. ஆய்வுக்காலம் ஆறாண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டாண்டு சலுகை உண்டு என்பது விதியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அரிசிக்கு என்ன செய்வது என்பது விதியில் இல்லை. முதுகலை முடித்தபின் ஏழாண்டுகள் இரண்டு கல்லூரிகளில் மணிக்கணக்குக் கூலிக்குப் பாடம் நடத்தினேன். தம்பி படிப்பை முடித்த பிறகே நெட் தேர்வுக்கு உட்கார்ந்தேன். வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதையெல்லாம் அந்த அறையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது இரக்கம் கேட்பதாக ஆகியிருக்கும். எனக்கு வேண்டியது அதுவன்று.

அன்றிரவு வேறொன்றைத் தேடிப் படித்தேன். ஜான் ரஸ்கின் 1860இல் பொருளியல் குறித்து எழுதிய கட்டுரைகள் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ என்ற பெயரில் 1862இல் நூலாயின. தலைப்பு இதே கதையில் தோட்டக்காரர் சொல்லும் சொல். கடைசியில் வந்தவனுக்கும் என்று பொருள். 1904இல் ஜோகனஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலேறிய காந்தியிடம் நண்பர் போலக் இந்நூலைக் கொடுத்தார். கீழே வைக்க முடியாமல் படித்த காந்தி, 1908இல் அதன் சாரத்தைக் குஜராத்தியில் எழுதி ‘சர்வோதயம்’ என்று பெயரிட்டார். எங்கள் ஊர்க் கதர்க்கடைப் பலகையில் ‘சர்வோதய சங்கம்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தபோது, அச்சொல்லின் பின்னால் மாலை ஐந்து மணிவரை கூலிக்குக் காத்து நின்ற சிலர் இருக்கிறார்கள் என்று எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்?

கால வரம்பைத் தெலுங்கில் ‘கடுவு’ என்கிறார்கள், கன்னடத்திலும் அதுவே. நம் ‘கெடு’வைப் போலவே ஒலிக்கிறது. ‘மீ கடுவு எப்புடு?’ என்று துறை அலுவலக அம்மா கேட்கும்போது அதில் குத்தல் இல்லை. தேதியை மட்டுமே கேட்கிறார். நேற்று அவரிடமிருந்து நீட்டிப்பு விண்ணப்பத்தை வாங்கிவந்தேன். ஆறாவது பத்தியில் ‘தாமதத்திற்கான காரணம்’ என்று கேட்டு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். தரவு சேகரிப்பு, கள ஆய்வு, மகப்பேறு, உடல்நிலை என்று சீனியர்கள் எழுதிய மாதிரிகள் நான்கைந்து என்னிடம் இருக்கின்றன. இன்னும் நிரப்பவில்லை. திங்கட்கிழமை கடைசி நாள்.