திருவாசி

எங்கள் வீட்டு மாடி அறையில், ஜன்னலோரமாக ஒரு செப்பு வளையம் நிற்கிறது. குறுக்களவு ஒரு மீட்டர். மரச்சட்டத்தில் நிமிர்த்திக் கட்டியிருக்கிறேன். அடிப்பக்கம் அதற்குள்ளேயே இன்னொரு குட்டி வளையம், அப்பளம் அளவு. கடலூரிலிருந்து வந்த என் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "திருவாசி இருக்கிறது, சாமி எங்கேப்பா?" என்று கேட்டாள். "சாமிதான் தினம் ராத்திரி எதிரே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாரே!" என்றாள் என் மனைவி.

காதைப் பொத்திக்கொண்டிருப்பது நான்தான். வளையம் ஓர் ஏரியல். அமெச்சூர் வானொலி என்ற பைத்தியம் எனக்கு உண்டு. சர்க்கார் நடத்தும் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டு, உலகத்தில் எங்கேயோ இருக்கிற இன்னொரு பைத்தியத்துடன் பேசுவது. காலேஜில் பௌதிகம் பிடிபடாமல் நடுவிலேயே படிப்பை விட்ட ஒரு கதாசிரியனுக்கு இது எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். பத்திரிகாசிரியர்களும் கேட்கிறார்கள், முக்கியமாகத் தொடர்கதை அத்தியாயம் தாமதமாகிற வாரங்களில்.

விதை விழுந்தது 2004 டிசம்பரில். சுனாமி வந்தபோது எனக்கு இருபது சொச்சம் வயது. எங்கள் குப்பங்களில் நடந்ததையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அந்த நாட்களில் ஒரு சமாசாரம் படித்தேன். அந்தமானில் போர்ட் பிளேரில் ஒரு சிறு கூட்டம், பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில், அமெச்சூர் வானொலி நடத்தப் போயிருந்தது. பொழுதுபோக்குக்காகத்தான். அலை வந்து டெலிபோனெல்லாம் ஊமையானபோது, அவர்கள் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, தீவில் இருப்பவர்கள் உயிரோடிருக்கிற செய்தியைக் கரையிலிருந்த சொந்தக்காரர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பியும் ஒரு பெட்டியும் போதும் என்பது என் மனத்தில் எங்கேயோ போய்த் தங்கிவிட்டது. பரீட்சை எழுதியது வெகு காலத்துக்கு அப்புறம்.

கம்பி என்றேன் அல்லவா? அங்கேதான் வந்தது தகராறு. 14 மெகா ஹெர்ட்ஸில் பேச வேண்டுமானால், சாஸ்திரோக்தமான ஏரியலுக்குச் சுமார் 10 மீட்டர் கம்பியை உயரே இழுத்துக் கட்ட வேண்டும். முத்தியால்பேட்டையில் நான் குடியிருப்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் மொட்டை மாடியில் கம்பி கட்டினால் இடி இறங்கும் என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். "வடகம் காயப் போடுகிற இடம், சார்" என்று இன்னொரு காரணமும் சொன்னார். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதனால்தான் வளையம். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். நீளமான கம்பி இயல்பாகச் செய்வதை இந்தக் குட்டி வளையம் கஷ்டப்பட்டுச் செய்கிறது. அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு கண்டென்சரை வைத்து, நமக்கு வேண்டிய அலைக்குச் சரியாகச் சுருதி சேர்க்க வேண்டும். வீணையின் பிருடையைத் திருகுவதுபோல என்று சொல்லலாம், ஆனால் வீணை இவ்வளவு பொல்லாதது அல்ல. மயிரிழை பிசகினால் சுருதி போய்விடும். கையைக் கிட்டே கொண்டுபோனாலே கலைந்துவிடும். ஆகவே கண்டென்சரின் தண்டில் நீளமாக ஒரு மரப்பிடி மாட்டித் தூரத்திலிருந்து திருக வேண்டும். என் மனைவியின் மரக் கரண்டி ஒன்று அப்படித்தான் காணாமற் போயிற்று.

குழாய்க்கு ஏர் கண்டிஷனர் மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அரை அங்குலச் செப்புக் குழாய் சுருளாகவே வருகிறது, பாதி வேலை மிச்சம். கண்டென்சர், பழைய வால்வ் ரேடியோவின் 'கேங்', மகாத்மா காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அகப்பட்டது. ஆறு வாரம் உழைத்தேன். என் சக்தி மொத்தம் 5 வாட். பழைய 'ஜீரோ வாட்' ராத்திரி பல்புகூட இதைவிட அதிகம் குடிக்கும். இவ்வளவு குறைந்த சக்தியில் பேசுவதையே ஒரு விரதமாக வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

ஏரியல் தயாராயிற்று, கூப்பிட்டேன். பதிலில்லை. இரண்டு மாதம் பதிலில்லை.

இந்தக் கட்டத்தில்தான் எதிர் வீட்டுப் பெரியவர் மாடியேறி வந்தார். தெருவில் அவருக்குப் பெயர் சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். 1962-இல் இணைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுப் பிரஜையாகவே இருந்துவிடத் தீர்மானித்த குடும்பம். அவர் வேலை பார்த்தது 'டிரான்ஸ்மிசியோன்' பிரிவில், அதாவது கம்பியில்லாத் தந்தி. ஜிபூத்தியின் வெயிலில் காதில் ஹெட்போனோடு வருஷங்களைக் கழித்தவர். இப்போது எண்பது வயது. மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் பிரான்ஸில். மாடி ஜன்னல் வழியாக என் 'டிட் டா' சத்தம் தெருவில் கேட்டிருக்கிறது.

"தம்பி, உங்க கை கொஞ்சம் தடுமாறுது" என்றார் முதல் வார்த்தையாக.

அப்புறம் வளையத்தைச் சுற்றி வந்தார். கண்டென்சரை நான் திருகாணியும் வாஷரும் போட்டு முடுக்கியிருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "சக்தி பாதி இங்கேயே செத்துப் போகுது" என்றார். நான் நம்பவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் வளையத்தில் அலையாக வெளியே போகிற சக்திக்கு எதிரே நிற்கும் தடை, ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குழாயின் சொந்தத் தடை ஏறக்குறைய அதே அளவு. ஒரு துருப்பிடித்த வாஷர் இன்னொரு பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துவிட்டால், 5 வாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் அலையாகும், மீதியெல்லாம் உஷ்ணம். மறுபடியும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, திருகாணிகளையெல்லாம் எடுத்துவிட்டு, செம்பைச் செம்போடு பற்றவைத்தோம். அன்று ராத்திரி கீயை அழுத்தியபோது கண்டென்சர் தகடுகளுக்கு நடுவே நீலமாகப் பொறி பறந்தது. நான் துள்ளி எழுந்தேன். அவர் சந்தோஷத்தில் கை தட்டினார். வெறும் 5 வாட் அந்த இடத்தில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுப்புமாம். பொறி பறந்தால் ஏரியல் உயிரோடிருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் வேலை நடக்க வேண்டுமே, சக்தியைச் சற்றுக் குறைத்துக்கொண்டோம்.

அது முதல் தினம் சாயங்காலம் வருவார். வளையத்தைத் திருப்பி வைப்பது அவர் பொறுப்பு. அது தன் விளிம்பு நோக்கும் திசையில் நன்றாகக் கேட்கும், முகம் நோக்கும் திசையில் செவிடு. பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்பு ஒன்று கர்ரென்று தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. வளையத்தின் முகத்தை அந்தப் பல்புக்கு நேராகத் திருப்பினார். தொல்லை மெலிந்து போயிற்று. வேண்டாதவர்களுக்கு முகத்தைக் காட்டினால் போதும் என்கிற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு நாள் அவரிடம் பழைய கதை ஒன்று சொன்னேன். அமெச்சூர்களின் கணக்கில் பிரெஞ்சிந்தியா ஒரு காலத்தில் தனி தேசம். எஃப் என் 8 என்று அதற்குத் தனி அடையாளம். உலகத்திலுள்ள அத்தனை தேசங்களோடும் பேசிவிட வேண்டுமென்று கணக்கு வைத்திருந்தவர்களுக்கு, புதுச்சேரி கிடைப்பதற்கரிய சரக்கு. 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கை மாறியது. அக்டோபர் 31 வரை பேசியதுதான் செல்லும் என்று பட்டியலில் எழுதிவிட்டார்கள். அந்த அடையாளத்தோடு இந்த ஊரிலிருந்து யாரும் இனிக் கூப்பிட முடியாது. பெரியவர் வெகு நேரம் பேசாமலிருந்தார். பிறகு மேஜைமேல் விரலால் எஃப், என், எட்டு என்று தட்டினார்.

அந்த விரல் ஓட்டத்தைக் கேட்க வேண்டும்! இவ்வளவு காலம் கழித்தும் ஒரு பிசிறு இல்லை. சத்தத்தின் சுருதியை மட்டும் அவருக்காகத் தாழ்த்தி வைக்க வேண்டியிருந்தது. வயதான காதுக்கு மேல் ஸ்தாயி எட்டாது.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நான் கொஞ்சம் கூப்பிட்டுப் பார்க்கட்டுமா, தம்பி?" என்று கேட்டார். நான் மறுத்துவிட்டேன். லைசென்ஸ் என் பெயரில். இன்னொருவர் கையில் கீயைக் கொடுப்பது விதிக்கு விரோதம். அவரோ பிரெஞ்சுப் பிரஜை, தனியாக லைசென்ஸ் வாங்குவதும் சுலபமில்லை. சரியான காரணங்கள்தான், எல்லாம் பேசினேன். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, வெறும் சத்தம் மட்டும் வரும்படி கீயை அவரிடம் நகர்த்தினேன். குழந்தைக்கு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கொடுப்பது மாதிரி. அவர் தொடவில்லை. "நீங்க கூப்பிடுங்க. நான் கேக்கறேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அவருக்கு மார்வலி. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். முகத்தில் குழாய், கையில் ஊசி. என்னைக் கண்டதும் கேட்டது ஒன்றுதான்: "யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் நான் கீயை எடுத்ததே நாலு நாள்தான். ஆனால் பாருங்கள், இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். வாய் தானாகத் திறந்தது. "கேட்டார்கள் ஐயா. பிரான்ஸிலிருந்து. லியோன் பக்கம். நேற்று ராத்திரி" என்றேன்.

"என்ன ரிப்போர்ட் கொடுத்தார்?"

நம் சத்தம் எதிராளிக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மூன்று இலக்கத்தில் சொல்வது வழக்கம். முதல் இலக்கம் தெளிவு, அடுத்தது பலம், கடைசி ஸ்வரத்தின் சுத்தம். "ஐந்து, ஒன்பது, ஒன்பது" என்றேன். அதற்குமேல் இலக்கமே கிடையாது.

"நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. வெளியே வரும்போது, சொன்னால் வெட்கக்கேடு, எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. எந்தப் பத்திரிகையிலும் இவ்வளவு உடனடியாகப் பலன் தந்த கதையை நான் எழுதியதில்லை.

ஆனால் அன்று ராத்திரியே பயம் பிடித்துக்கொண்டது. பெரியவர் திரும்பி வந்து என் குறிப்பு நோட்டைப் பார்த்தால்? பேசிய ஒவ்வொரு நிலையத்தையும் தேதி, நேரத்தோடு அதில் எழுதி வைக்கிறேன், எழுதாத பக்கம் அவருக்குத் தெரியும். பொய்யாக ஒரு வரி எழுதிவிடலாமா என்று பேனாவையும் எடுத்தேன். எழுதவில்லை. கதை எழுதுகிற கைதான், அந்த நோட்டில் மட்டும் ஓடமாட்டேனென்றது. அதற்குப் பதிலாகத் தினம் உட்கார்ந்தேன். தொடர்கதை இரண்டு வாரம் நின்றுபோயிற்று. பத்திரிகையில் 'ஆசிரியருக்கு உடல்நலமில்லை' என்று போட்டார்கள். ஆக, அதுவும் ஒரு பொய்.

பதினோராம் நாள் சாயங்காலம். விளக்கு வைக்கும் நேரம். வளையத்தின் விளிம்பைத் தென்மேற்கே வைத்திருந்தேன், அவர் கடைசியாக வைத்துவிட்டுப் போன நிலை அதுதான். கூப்பிட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன். இரைச்சலின் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, என் அடையாளத்தின் கடைசி இரண்டு எழுத்துகள். பிறகு ஒரு கேள்விக்குறி. மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவருடைய அடையாளம் எஃப் ஆர் என்று தொடங்கியது. ரீயூனியன் தீவு! சுமார் 4500 கிலோ மீட்டர், கடலுக்கு அப்பால். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் புதுச்சேரித் துறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு போன தீவு. அங்கே இன்றும் தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டவர் யாரோ, தெரியாது. ரிப்போர்ட் அனுப்பினார். எழுதிக்கொண்டேன். பெயர் சொல்ல ஆரம்பித்தார், முதல் எழுத்தோடு அலை மங்கிவிட்டது. அரை மணி நேரம் கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

பெரியவர் அதற்கு முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் தெருவைக் கடந்தேன். சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்து ஸ்டூலில் டீ.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை நிதானமாகப் படித்தார். மூன்று, மூன்று, ஒன்பது. கஷ்டப்பட்டுத்தான் புரிகிறது, பலவீனம், ஸ்வரம் மட்டும் சுத்தம்.

"மூணு மூணு ஒன்பது" என்றார். "இது சரி."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அன்னிக்கு ஐந்து ஒன்பது ஒன்பதுன்னீங்களே தம்பி, அந்த வளையத்திலேயிருந்து, ரூமுக்குள்ளேயிருந்து, லியோனுக்கு. ஒரு நாலு நாலுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நம்பியிருப்பேன்."

நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"பெயர் முதல் எழுத்து என்ன சொன்னீங்க?"

"ஜே, ஐயா."

"நாளைக்கு இதே நேரத்துக்கு மறுபடி கூப்பிடுங்க. நான் வந்து வளையத்தைப் பிடிச்சுக்கறேன்" என்றார்.