கிராணியின் 555 புத்தகம்

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் கொள்கலன் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, சனிக்கிழமை காலை எட்டரைக்கு தெலுக் பங்லிமா காராங் வந்து சேர்ந்தேன். தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்தவர்கள் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தேடி வந்த வீடு அந்தக் கடைக்குப் பின்னால், தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் துறையில் தேர்வு மதிப்பெண்கள் கணினியில் ஏறத் தாமதமாயிற்று. மாணவர்கள் வரிசையில் நிற்க, விரிவுரையாளர் ஒருவர் முகப்பிலேயே அலுவலக எழுத்தரான கிராணியைச் சத்தம் போட்டார். இருவரும் தமிழர்கள். திட்டியவருக்கு வயது முப்பத்து நான்கு, திட்டு வாங்கியவருக்கு ஐம்பத்தாறு. அன்று மதியமே கிராணி மருத்துவ விடுப்பில் போய்விட்டார். மின்னஞ்சல்கள் பறந்தன. இருவரையும் ஓர் அறையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்லுங்கள் என்றது நிர்வாகம். எனக்கு மனம் ஒப்பவில்லை. கிராணியின் தரப்பை இதுவரை யாரும் கேட்கவே இல்லையே.

"வாங்க டாக்டர்" என்று கிராணி வாசல் கதவைத் திறந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். தம் சொந்த வீட்டில், தம் வீட்டு மின்விசிறியின் கீழே. "உட்காருங்கண்ணே" என்று நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தேநீர் குடித்ததும், "பின்னால போய்ப் பாப்போமா?" என்றார். தாமான் முடியும் இடத்தில் செம்பனைக் காடு தொடங்கிவிடுகிறது. வெட்டிய மட்டைகள் வரிசையாகக் கிடக்க, சிதறிய பழங்கள் செம்மண்ணில் மினுங்கின. "இதெல்லாம் ஒரு காலத்துல ரப்பர். எங்க தாத்தா பால் வெட்டினாரு. துரை எதிர்ல வந்தா சைக்கிள விட்டு எறங்கி நிக்கணுமாம். கிராணி வந்தாலும் எறங்கணுமாம்" என்றார்.

அவர் மிகைப்படுத்தவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் அதுவும் ஒன்று: அதிகாரிகள் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் படிப்பு, கொடுமை செய்யும் பணியாளர்களை நீக்குவது என்று பட்டியல் நீண்டது. அந்தப் பணியாளர்களில் பலர் வெள்ளைக்காரர்கள் அல்லர். யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளுமான கிராணிகள். எனக்கு மறக்காத கோரிக்கை வேறொன்று. குறை சொல்பவரைப் பழிவாங்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். அரசாங்கத்தின் பதில் வேறு மாதிரி வந்தது. மே 6ஆம் தேதி தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். ராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் இறந்தார்கள்.

அன்றைய கிராணி மிரட்டுபவர், இன்றைய கிராணி மிரட்டப்படுபவர். பதவியின் பெயர் மாறவில்லை, பழக்கமும் விடவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் அலமாரியிலிருந்து ஒரு சின்ன 555 புத்தகத்தை எடுத்தார். மளிகைக் கடைகளில் கடன் எழுதுவார்களே, அதே புத்தகம். மதிப்பெண் படிவம் வந்த நாள், கொடுத்தவரின் சுருக்கொப்பம், தாம் கணினியில் ஏற்றிய நாள். எல்லாம் நீல மையில், ஒரே அளவு எழுத்தில். சத்தம் போட்ட விரிவுரையாளரின் படிவம் கெடு முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் வந்திருக்கிறது. பக்கத்தில் அவருடைய ஒப்பமே இருக்கிறது. மறுநாளே கிராணி வேலையை முடித்திருக்கிறார்.

"இத ஏன் அன்னிக்கே காட்டல?"

"காட்டினா அவருக்கு அவமானம். அப்புறம் என்னைய வேற பிரிவுக்குத் தூக்கிடுவாங்க."

எனக்குத் தொண்டை அடைத்தது. 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் எனக்குத் தெரியும். நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 60 நாளுக்குள் முறையிடலாம். அதிகாரி இரு தரப்பையும் சமரசம் பேச வைப்பார். முடியாவிட்டால் வழக்கு தொழில் நீதிமன்றம் போகும். ஆனால் வேலை போன பிறகுதான் அந்தக் கதவு. வேலையில் இருப்பவர் முகப்பில் மாணவர்கள் முன்னால் கூனிக் குறுகி நிற்பதற்கு அதில் பரிகாரம் இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்களிலாவது நிர்வாகமும் ஊழியர் பிரதிநிதிகளும் சேர்ந்து உட்காரும் கூட்டு மன்றம் உண்டு. எங்கள் இடத்தில் மனிதவளப் பிரிவு மட்டுமே. அந்தப் பிரிவும் நிர்வாகத்துக்குத்தான் பதில் சொல்கிறது. அங்கே போகப் பயப்படுகிறவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

"என்ன செய்யணும்னு நெனைக்கிறீங்கண்ணே?"

வெகுநேரம் யோசித்தார். "மன்னிப்பு அறைக்குள்ள வேணாம் டாக்டர். எங்க திட்டினாரோ அங்கயே ஒரு வார்த்த சொல்லட்டும். கைகொடுக்கல்லாம் வேணாம்."

புத்தகத்தைக் கேட்டேன். தரவில்லை. "படம் புடிச்சுக்குங்க. புத்தகம் என்கிட்டயே இருக்கட்டும்."

மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். நான் நான்கு பக்கங்களைப் படம் பிடித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த விரல் விழுந்திருந்தது.