மீண்டும் வரும் பழைய பாணி



பழையது விலகுவதும் புதியது வருவதும் மொழிக்கு இயல்பு என்று நன்னூல் கூறுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். உடையின் கதை சற்று வேறானது. அங்கே விலகிப்போன பழையதே சில ஆண்டுகளின் பின்னர் புதியது என்ற பெயரோடு திரும்பி வருகின்றது. நான் உங்கள் வயதில் அணிந்த உடைகளை இன்று நீங்கள் "புது மொடல்" என்று கேட்டு வாங்குவதைக் காணும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது. அதனோடு சில எண்ணங்களும் எழுகின்றன.

1970களில் எங்களை ஆட்டிப்படைத்தது "பெல்பொட்டம்" என்னும் நீளக் காற்சட்டையாகும். தொடையில் இறுகி, முழங்காலுக்குக் கீழே மணியின் வாய்போல விரிந்து நிற்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. அகன்ற கொலர் வைத்த சேட்டும் காதை மூடிய தலைமயிரும் அதற்குத் துணை. 1979 இல் வெளிவந்த "நினைத்தாலே இனிக்கும்" திரைப்படத்தைப் பார்த்தால் அக்கால இளைஞரின் கோலத்தை நீங்கள் அறியலாம். "தெருக் கூட்டும் காற்சட்டை" என்று பெரியவர்கள் எங்களைக் கேலி செய்தார்கள். பெண்களிடமும் இதே கதைதான். அம்மம்மாவின் பழைய படத்தில் இருந்த, தோளில் புடைத்து நிற்கும் கை வைத்த சட்டை, பின்னர் அக்காமாருக்குப் புது நாகரிகமாயிற்று. இன்று அது உங்கள் சகோதரிகளிடம் வந்திருக்கின்றது.

இந்தப் பெல்பொட்டமும் எங்கள் காலத்தில் புதிதாகப் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பல் மாலுமிகள் கால் அகன்ற காற்சட்டை அணிந்தார்கள். கப்பலின் மேற்தளத்தைக் கழுவும்போது அதனை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிடுவது இலகுவாக இருந்தது. 1960களில் மேல்நாட்டு இளைஞர்கள், கடற்படையில் எஞ்சிய உடைகளை மலிவாக விற்ற கடைகளிலிருந்து அவற்றை வாங்கி அணியத் தொடங்கினர். அதன் பின்னரே அது உலகெங்கும் பரவியது. மலிவுக் கடையில் வாங்கிய வேலையுடை ஒன்றே பெரிய நாகரிகமாயிற்று என்பதை நினைவில் வைத்திருங்கள்.

பழைய பாணி ஏன் திரும்புகின்றது? ஜேம்ஸ் லேவர் என்ற ஆங்கிலேய உடை வரலாற்றாசிரியர் 1937 இல் இதுபற்றி ஒரு கணக்கை எழுதினார். வழக்கொழிந்து பத்து ஆண்டு சென்ற உடை அருவருப்பாகத் தெரியும். இருபது ஆண்டில் நகைப்புக்கிடமாகும். முப்பது ஆண்டில் வேடிக்கையாகும். எழுபது ஆண்டில் கவர்ச்சி பெறும் என்பது அவர் கருத்து. இன்று இந்தச் சக்கரம் அவர் சொன்னதைவிட விரைவாகச் சுழல்கின்றது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு பாணியைக் கண்டிராத தலைமுறைக்கு அது புதிதாகவே தோன்றும். மேலும், எல்லோரிடமும் ஒடுங்கிய காற்சட்டை இருக்கும்போது இன்னொன்றை விற்க வேண்டுமானால், அகன்றதைத்தான் விற்க வேண்டும். எல்லோரும் அகன்றதை வாங்கி முடித்ததும் ஒடுங்கியது மீண்டும் கடைக்கு வரும். உங்களிடம் இருப்பது "பழசு" என்று உங்களை நம்பவைப்பதே வியாபாரத்தின் முதல் வேலை.

ஆனால் அந்நாளில் இருந்த ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. 1977 இல் திறந்த பொருளாதாரம் வருமுன்னர் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் துணி கிடைப்பது அரிதாயிருந்தது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஓர் உடை கிடைத்தால் பெரிது. துணி வாங்கித் தையற்காரரிடம் கொடுத்தால், அவர் கால் விளிம்பில் இரண்டு அங்குலத்தை உள்ளே மடித்துத் தைப்பார். பிள்ளை வளர வளர அந்த மடிப்பு அவிழும். அண்ணாவின் ஒடுங்கிய காற்சட்டை தம்பிக்கு வரும்போது, முழங்காலுக்குக் கீழே தையலைப் பிரித்து முக்கோணத் துண்டொன்றை வைத்துத் தைத்தால் அதுவே பெல்பொட்டம். நிலத்தில் உராய்ந்து நைந்துபோகாமலிருக்க விளிம்பில் பழைய சிப் ஒன்றையும் பிடித்துவிடுவார்கள். நாகரிகத்தைப் பின்பற்றினோம், அதற்காக வீட்டை வருத்தவில்லை.

இன்று நிலைமை அப்படியா? 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடிக்குள் விழுந்தபோது உடைகளின் விலை எப்படி ஏறியது என்பதை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். அணிய நல்ல உடை இருந்தும் "இது பழைய மொடல்" என்று கூசி, நண்பனின் பிறந்தநாளுக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் பிள்ளைகளை நான் அறிவேன். மகளின் முகத்தைப் பார்த்துக் கடன்படும் தாய்மாரையும் அறிவேன். சுமை வீட்டுக்கு மட்டுமல்ல. ஒரு பருத்தி ரீசேட்டை உருவாக்க ஏறத்தாழ 2700 லீற்றர் தண்ணீர் செலவாவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 1978 இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் தொடங்கிய காலந்தொட்டு, கிராமங்களை விட்டுச் சென்ற எத்தனையோ இளம் பெண்களின் உழைப்பும் இந்நாட்டில் தைக்கப்படும் உடைகளில் கலந்திருக்கின்றது. இரண்டு முறை அணிந்துவிட்டு மூலையில் எறிவதற்கா அவ்வளவும்?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள். அழகாக உடுத்துங்கள், அது இளமைக்கு உரிய ஆசை. ஆனால் புடைவைக் கடைக்குப் போகுமுன் வீட்டு அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். அப்பாவின் சேட், அம்மாவின் சேலை, மாமாவின் காற்சட்டை ஆகியவற்றுள் ஒன்று உங்களுக்காகவே காத்திருக்கலாம். ஊசியும் நூலும் பிடிக்கப் பழகுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். நல்ல துணியைத் துவைத்து மடித்துப் பத்திரமாக வையுங்கள். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற பழமொழி எந்தக் காலத்திலும் வழக்கொழிந்ததில்லை. இன்று உங்களிடமுள்ள உடையைப் பார்த்து யாராவது "பழசு" என்று சிரித்தால் கலங்க வேண்டாம். சில ஆண்டுகள் பொறுத்திருங்கள். சிரித்தவரே அதைத் தேடிக் கடைக்குப் போவார்.