நாக்கடி மாத்திரையும் நல்லபாம்பும்

அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் சார்பிட்ரேட் இருக்கும். செங்கல்பட்டு ஸ்டேஷன் படியேறும்போது நெஞ்சைப் பிடித்தால் நின்றுவிடுவார். ஒன்றை நாக்கடியில் வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளியும். அது உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகிறது என்று பின்னாளில்தான் படித்தேன்.

அப்பாதான் என்னை வடநெம்மேலிக்கும் கூட்டிப்போனார். முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978இல் தொடங்கியது. துணியால் வாய் கட்டிய மண்பானைகள். இருளர் அண்ணன் ஒருவர் நல்லபாம்பின் தலையைப் பிடித்து, கண்ணாடிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டிய சவ்வைக் கடிக்கவிட்டார். மஞ்சளாக விஷம் வழிந்தது. "முதல்ல கண்ணு சொருகும் தம்பி, அப்புறம் மூச்சு" என்றார்.

கண் ஏன் சொருகுகிறது? நரம்பு முனை விடும் அசெட்டைல்கோலின் தசையின் ஏற்பியில் போய் உட்கார்ந்தால்தான் தசை அசையும். நல்லபாம்பு விஷம் முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிடும். கட்டுவிரியன் விஷமோ நரம்பு முனையையே சிதைக்கும். அதனால்தான் அசெட்டைல்கோலின் சிதையாமல் காத்து நல்லபாம்புக் கடிக்கு உதவும் நியோஸ்டிக்மின் ஊசி கட்டுவிரியன் கடிக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை.

இதே அசெட்டைல்கோலினை வைத்துத்தான் விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல், அப்பாவின் மாத்திரை விடும் அந்த வாயுவுக்கு இட்டுச்செல்லும் முடிச்சைக் கண்டார். அசெட்டைல்கோலின் பட்டதும் உட்படலம் சிதையாத ரத்தக்குழாய் தளர்ந்தது. படலம் உரிந்த குழாய் தளரவில்லை. படலம் அனுப்பிய சேதி நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெளிவானது. 1998இல் அவருக்கும், இந்த வாயுவை ஆராய்ந்த இக்னாரோவுக்கும் முராதுக்கும் நோபல். மூளையிலும் குடல் நரம்புகளிலும்கூட அதே வாயு சேதி சொல்கிறது. சேமித்துவைக்க முடியாது, வேண்டும்போது உண்டாகும், சில நொடிகளில் போய்விடும். ஏற்பி என்ற கதவைத் தட்டாமல் செல்லின் சவ்வையே ஊடுருவும். எவ்வளவு எளிய மூலக்கூறு, என்ன வேலை!

2011இல் ஆஸ்திரேலியாவில் பாம்புக்கடிக்கு ஒரு களிம்பைச் சோதித்தார்கள். அதில் இருந்தது அப்பாவின் மாத்திரைக்கு உறவான நைட்ரோகிளிசரின். நைட்ரிக் ஆக்சைடு நிணநீர்க் குழாயின் துடிப்பை அடக்க, விஷம் மெதுவாக நகர்ந்தது. எலிகளுக்கு மூச்சு நிற்பது தள்ளிப்போனது. திருக்கழுக்குன்றம் வயலில் கடிபட்டவரை செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர அந்த நேரம்தானே வேண்டும்!

ஆனால் உயிரைக் காப்பது விஷமுறிவு மருந்து. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. நாட்டுக்கு அந்த விஷத்தைப் பெரும்பாலும் தருபவர்கள் இந்த இருளர்கள். சில வாரம் வைத்து விஷமெடுத்தபின் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். 2023இல் இவர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ அறிவித்தபோது, இது எப்போதோ வந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.