கடல் விட்டுப்போன திண்டுகள்

பெங்களூரிலிருந்து சித்ரதுர்கா செல்லும் பஸ்ஸில் ஐமங்கலாவில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். வெளியூர்க்காரர்களுக்குச் சித்ரதுர்காவின் கல்கோட்டை போதும். அந்தக் கோட்டையைவிட மிக மிகப் பழைய சின்னம் ஒன்று, இங்கே பக்கத்தில் மரடிஹள்ளியில், ஆடு மேயும் புதர்களுக்கு நடுவே கிடக்கிறது.

முதல் பார்வையில் ஏமாற்றம்தான். கரும்பச்சை நிறத்தில் ஒரு பாறை மேடு. அருகில் போனால்தான் தெரிகிறது, உருண்டை உருண்டையாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைத்த மேடு அது என்று. மூட்டைகள் சரிந்து கிடக்கும் கிட்டங்கி மாதிரி. புவியியலாளர்கள் இதை 'பில்லோ லாவா' என்கிறார்கள். தலையணை எரிகுழம்பு என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன். நேரில் பார்த்தபின், கல்யாண வீட்டுத் திண்டுதான் சரியான சொல் என்று தோன்றியது.

எரிமலைக் குழம்பு நீருக்கடியில் பீறிடும்போது பிறக்கும் வடிவம் இது. சுமார் 1,100 டிகிரி சூட்டோடு வரும் குழம்பு, குளிர்ந்த நீர் பட்டதும் தோல் கட்டிக்கொள்கிறது. உள்ளே இன்னும் திரவம். அது உப்பி, தோலைக் கிழித்துக்கொண்டு அடுத்த திண்டாகப் பிதுங்குகிறது. புதுத் திண்டு இளகலாக இருப்பதால், அதன் அடிப்பாகம் கீழேயுள்ள இரண்டு திண்டுகளின் இடுக்கில் இறங்கிக் கூராகிவிடும். மேல்பக்கம் குவிந்தே இருக்கும். பிற்பாடு பூமி இந்தப் பாறையை எப்படி மடித்துப் போட்டாலும், எது மேல், எது கீழ் என்பதை அந்தக் கூர் காட்டிக்கொடுத்துவிடும்.

இது நடந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இமயமலைக்கு வயது 5 கோடி ஆண்டுகள்தான். அன்று காற்றில் ஆக்ஸிஜன் அநேகமாக இல்லை. உயிர் என்றால் நுண்ணுயிர்கள் மட்டுமே.

கோட்டைக்கு 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம் காவல். மரடிஹள்ளியைத் தேசியப் புவியியல் சின்னம் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது. ஆனால் இத்தகைய இடங்களுக்கென ஒரு சட்ட வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் வெளியிட்டதே 2022 டிசம்பரில்தான். இரும்புத் தாது தோண்டும் மாவட்டத்தில் இந்தத் தாமதம் சின்ன விஷயமல்ல.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இங்கே கடல் இருந்ததுங்க" என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். சிரித்துவிட்டார். பக்கத்து ஹிரியூரின் வாணி விலாஸ் அணையே 1933க்குப் பிறகு 2022இல்தான் நிரம்பி வழிந்தது. இதில் கடலாவது!

கொஞ்ச நேரம் கழித்து, சாய்ந்திருந்த திண்டைத் தடவிப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்: "உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?"